பெரிய மீன்தொட்டியின் ஓவர்ஃப்ளோவையும் குழாய்களையும் மாற்றி அமைப்பது: முழுமையான வழிகாட்டி

சம்ப் (தொட்டிக்குக் கீழே ஃபில்டரும் பம்ப்பும் இருக்கும் துணைத்தொட்டி) வைத்த பெரிய தொட்டியில் குழாய்களை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் சத்தத்தால்தான் வருகிறது. தண்ணீரோடு காற்றும் உறிஞ்சப்படும் சத்தம், சம்ப்பில் குமிழிகள் கொப்பளிக்கும் சத்தம், தொட்டியின் மேல்தண்ணீர் வழிந்து விழும் ஓவர்ஃப்ளோ பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாகக் காலியாகி மறுபடி நிரம்பும் சத்தம். இவற்றைப் போக்க முடியும். ஆனால் வேலையைச் சத்தத்திலிருந்து தொடங்கினால் வீட்டுத் தரையில் தண்ணீர் நிற்கும் அபாயத்தையும் சேர்த்தே கட்டிவிடுவோம். முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு. மின்சாரம் நின்றால் எவ்வளவு தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும்? இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் தொட்டிக்கு ஏறும்? இந்த இரண்டையும் தாங்கும் அமைப்பை முதலில் வரையுங்கள். அமைதியான ஓட்டத்தை அதற்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே தொட்டியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன்: 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். கொள்ளளவு ஏறக்குறைய 648 லிட்டர். கீழே 90 × 45 × 45 செ.மீ. சம்ப். உங்கள் அளவுகளை இதே வரிசையில் போட்டுப் பார்த்தால் போதும்.

இருப்பதை அளந்து எழுதுங்கள்

தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்குங்கள். 180 × 60 = 10,800. அதாவது, தண்ணீர் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 10.8 லிட்டர் வெளியேறுகிறது. சம்ப்புக்கும் அதே கணக்கு: 90 × 45 = 4,050, ஒரு செ.மீ.க்கு 4 லிட்டர் சொச்சம். இந்த இரண்டு எண்களையும் தொட்டியின் அடியில் உள்ள அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னாளிலும் பயன்படும்.

அடுத்து, பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்பது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் தண்ணீரை மேலே தூக்காதபோது கிடைக்கும் ஓட்டம். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை உள்ள உயரத்தை அளந்து, பம்ப்போடு வரும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கு எதிரே உள்ள ஓட்டத்தைப் பாருங்கள். எல்போக்களும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்புகள்) குழாய் உராய்வும் அதிலும் கொஞ்சம் குறைக்கும். சந்தேகமிருந்தால், சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாயை ஒரு வாளிக்குத் திருப்பி, 10 லிட்டர் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பதே நேர்மையான அளவு. 9 வினாடி என்றால் மணிக்கு 4,000 லிட்டர்.

சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 3 முதல் 6 மடங்கு ஓடினால் தாராளம். தொட்டிக்குள் நீரோட்டம் வேண்டுமென்றால் அதற்கு வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே நீரைத் தள்ளும் கருவி) இருக்கிறது. சம்ப் வழியாக 10 மடங்கு, 15 மடங்கு தள்ளுவதால் சத்தமும் குமிழியும் மின்செலவும்தான் கூடுகின்றன. பழைய அமைப்பில் சத்தம் மட்டுமே குறை என்றால், எதையும் வெட்டுவதற்கு முன் பம்ப்பின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இந்த வழிகாட்டியின் மீதி தேவைப்படாது. நம் கணக்குக்கு மணிக்கு 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

எந்த அமைப்பு?

இன்று புழக்கத்தில் உள்ள இறக்குக் குழாய் அமைப்புகள் மூன்று.

டர்சோ என்பது ஒற்றைக் குழாய். மேலே ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), அதன் தலையில் மூடி, மூடியில் காற்று போக ஒரு சிறு துளை. தண்ணீரும் காற்றும் சேர்ந்தே இறங்கும். அமைக்க எளிது. ஆனால் ஒரு இன்ச் குழாயில் மணிக்கு ஆயிரம் லிட்டர் சொச்சம் வரைதான் அமைதியாக இறங்கும். அதற்கு மேல் போனால் சத்தம். அதைவிடப் பெரிய குறை, அது அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வேறு வழி இல்லை என்பது.

ஹெர்பி என்பது இரண்டு குழாய். ஒன்றில் காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைஃபனாக இறங்கும். கீழே ஒரு கேட் வால்வு (பல சுற்றுகளில் மெல்லத் திறந்து மூடும் வால்வு) வைத்து அதன் ஓட்டத்தைப் பம்ப்பின் ஓட்டத்துக்குச் சமமாக்குகிறோம். மற்றொன்று அவசரக் குழாய்.

பீன்அனிமல் என்பது மூன்று குழாய். சைஃபன் ஒன்று, மீதிச் சிறு ஓட்டத்தை ஏற்கும் திறந்த குழாய் ஒன்று, எப்போதும் உலர்ந்தே நிற்கும் அவசரக் குழாய் ஒன்று.

ஒரே அளவுக் குழாயில் சைஃபன் ஏன் இவ்வளவு அதிகம் இறக்குகிறது? காற்று இடத்தை அடைக்காததால் தண்ணீர்த் தூணின் முழு எடையும் இழுக்கிறது. ஒரு மீட்டர் இறக்கம், இரண்டு மூன்று எல்போ என்று வைத்துக் கணக்கிட்டால் நீரின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு இன்ச் குழாயில் மணிக்குச் சுமார் 4,000 லிட்டர், முக்கால் இன்ச்சில் சுமார் 2,400, ஒன்றரை இன்ச்சில் 9,000க்கு மேல்.

இந்த எண்களை வைத்து அவசரக் குழாயைப் பற்றி முடிவெடுங்கள். ஏரியில் மதகுக்குக் கதவு உண்டு, கலிங்குக்குக் கதவு கிடையாது. மிஞ்சியது யாரையும் கேட்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான். அவசரக் குழாயும் அப்படியே. அதில் வால்வு கூடாது, வலை கூடாது, மற்ற குழாயோடு இணைக்கக் கூடாது. பம்ப்பின் முழு ஓட்டத்தையும் தனியாகவே ஏற்கும் அகலம் அதற்கு இருக்க வேண்டும்.

அடியில் ஒரு இன்ச், முக்கால் இன்ச் என்று இரண்டு துளைகளோடு மூலை ஓவர்ஃப்ளோ வைத்து விற்கப்படும் தொட்டிகள் உண்டு. பெரியது இறங்க, சிறியது ரிட்டர்னுக்கு என்பது அவற்றின் ஏற்பாடு. ரிட்டர்னைத் தொட்டியின் மேல் விளிம்பு வழியாகக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு துளைகளையும் இறங்குவதற்கே பயன்படுத்தி ஹெர்பியாக மாற்றுவதுதான் துளையிடாமல் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம். அப்போது பலரும் பெரிய துளையைச் சைஃபனுக்குக் கொடுப்பார்கள். நான் சொல்வது தலைகீழ்: சிறியது சைஃபனுக்கு, பெரியது அவசரத்துக்கு. சைஃபன் முக்கால் இன்ச்சிலேயே 2,000 லிட்டரை இறக்கும். பெரிய குழாயோ அடைப்பு வந்த அன்றைக்குத் தேவை. பம்ப்பை மணிக்கு 2,000 லிட்டருக்குள் வைக்கச் சம்மதம் என்றால் இது போதும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பின்சுவரில் புதிதாகத் துளையிட்டு மூன்று குழாய் அமைப்புக்குப் போவதே முறை. இனி வருவது அந்த வேலை.

விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டிகள் துளையில்லாத் தொட்டிக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் அவற்றின் வளைகுழாயில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்தால் பம்ப் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரிய தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளிம்பின் நீளம்

தண்ணீர் வழிந்து விழும் விளிம்பின் நீளத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தை எடுப்பதே ஓவர்ஃப்ளோவின் முக்கிய வேலை. விளிம்பின் மேல் தண்ணீர் எவ்வளவு மெல்லியதாக வழிகிறதோ அவ்வளவு சுத்தமாகப் படலம் எடுபடும்.

19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் அமெரிக்காவின் லோவெல் நகரில் செய்த நீரோட்டச் சோதனைகளிலிருந்து வந்த கணக்கு இங்கும் பொருந்தும்: விளிம்பின் மேல் நிற்கும் நீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, 1.5 அடுக்குக்கு உயர்த்தி, விளிம்பின் நீளத்தாலும் 1.84 என்ற எண்ணாலும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் வழிகிறது என்று தெரியும். மணிக்கு 4,000 லிட்டருக்கு இதைத் திருப்பிப் போட்டால், 20 செ.மீ. விளிம்பில் தண்ணீர் 21 மி.மீ. உயரம் நிற்கும். 60 செ.மீ. விளிம்பில் 10 மி.மீ. பின்சுவர் நெடுக 150 செ.மீ. விளிம்பு வைத்தால் வெறும் 5.5 மி.மீ.

மேற்பரப்பு சுத்தம் மட்டுமல்ல, பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. மின்சாரம் நின்றவுடன் விளிம்பின் மேல் நிற்கும் இந்தத் தண்ணீர் முழுவதும் சம்ப்புக்கு இறங்கிவிடும். 21 மி.மீ. என்றால் 23 லிட்டர், 10 மி.மீ. என்றால் 11 லிட்டர்தான்.

பல் வைத்த விளிம்பில் பல்லின் அகலம் நீளத்தைத் தின்றுவிடும். பல்லும் இடைவெளியும் சமமாக இருந்தால் 60 செ.மீ. விளிம்பு 30 செ.மீ.க்குத்தான் சமம். பல்லில்லாத விளிம்பு வைத்து, மீன் விழாமல் இருக்க அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் வலை பொருத்துவது நல்லது. வலையை வாரம் ஒருமுறை கழுவ முடியாது என்றால் பல்லே இருக்கட்டும். அடைத்த வலை பல்லைவிட மோசம்.

விளிம்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். 10 மி.மீ. மட்டுமே வழியும் விளிம்பில் 3 மி.மீ. சாய்வு இருந்தால் ஒரு பக்கம் கணிசமாகக் குறைவாக வழியும். தொட்டியே சாய்ந்திருந்தால் ரசமட்டத்தை நம்பாதீர்கள். தொட்டியின் தண்ணீர் மட்டத்தையே அடையாளமாக வைத்துக் கோடு போடுங்கள்.

இந்தக் கண்ணாடியில் துளையிடலாமா?

டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவாக்கிய) கண்ணாடியில் துளையிட முடியாது. தொட்டவுடன் முழுப் பலகையும் சிறு துண்டுகளாகச் சிதறும். பல தொட்டிகளில் அடிப்பலகை மட்டும் டெம்பர் செய்யப்பட்டிருக்கும், சுவர்கள் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். தெரிந்துகொள்ள ஒரு சோதனை: மடிக்கணினியின் எல்.சி.டி. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதைக் கண்ணாடியின் ஒரு பக்கம் பிடியுங்கள். மறுபக்கத்திலிருந்து போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, திரை இருட்டும் வரை குளிர்கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். டெம்பர் செய்த கண்ணாடி என்றால் வெளிச்சப் பட்டைகளோ திட்டுத்திட்டான புள்ளிகளோ தெரியும். எதுவும் தெரியாமல் சீராக இருட்டினால் சாதாரணக் கண்ணாடி. துளையிடப் போகும் பலகையிலேயே, அதன் ஓரங்களிலும் நடுவிலும் பாருங்கள். தயாரித்தவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

துளையின் இடத்துக்கு எளிய விதி: துளையின் ஓரத்துக்கும் கண்ணாடியின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு துளை விட்டம் இடைவெளி. இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அதே இடைவெளி. ஒன்றரை இன்ச் பல்க்ஹெட்டுக்கு (துளையில் கசியாமல் குழாயைப் பொருத்தும் இணைப்பு) வழக்கமாக 60 மி.மீ. துளை வேண்டியிருக்கும். அப்படியானால் துளை மையங்கள் 120 மி.மீ. தள்ளித் தள்ளி, மேல் ஓரத்திலிருந்து முதல் மையம் 90 மி.மீ.க்குக் குறையாமல். ஒரு இன்ச்சுக்கு 45 மி.மீ. அளவில் வரும். இந்த எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், பல்க்ஹெட்டைக் கையில் வாங்கி அளந்த பிறகே துளைக்கும் பிட் வாங்குங்கள்.

துளையிடும் நாள்

தொட்டியைக் காலி செய்யுங்கள். பாதித் தண்ணீரோடு துளையிடுபவர்கள் உண்டு. பல நூறு லிட்டர் அழுத்தத்தில் நிற்கும் பெட்டியை அதிரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மீன்களைப் பழைய தொட்டித் தண்ணீரோடு பெரிய டப்பில் மாற்றி, ஹீட்டரும் காற்றும் கொடுங்கள். ஃபில்டர் பொருட்களை அதே தண்ணீரில் ஓட்டத்தோடு வைத்திருங்கள். அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா உலர்ந்தாலும் மூச்சுமுட்டினாலும் சாகும். ஒட்டுப் பசையும் சில்லிகானும் ஆறுவதற்குச் சேர்த்து ஒரு வாரம் டப்பில் இருக்கும் என்று கணக்கிட்டே தொடங்குங்கள். அமோனியா சோதனைக் கருவி பக்கத்தில் இருக்கட்டும்.

டைமண்ட் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் பிட்), பேட்டரி டிரில் இரண்டும் வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே செய்யும் வேலை இது, மின்கம்பி இழுக்கும் டிரில் வேண்டாம். ஒட்டுப்பலகையில் அதே பிட்டால் ஒரு துளை போட்டு, அந்தப் பலகையைக் கண்ணாடியில் அடையாளத்துக்கு நேராகக் கிளாம்ப் செய்துவிட்டால் பிட் வழுக்கி ஓடாது. கண்ணாடியின் மறுபக்கம் அகலமான டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். அறுந்து விழும் வட்டத்தை அது பிடித்துக்கொள்ளும், ஓரம் சில்லு பெயர்வதையும் குறைக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

டிரில்லின் வேகம் நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்றுக்குள் இருக்கட்டும். கையின் எடை கூட விழாத அளவு லேசாகப் பிடியுங்கள். ஒருவர் துளையிட, மற்றவர் பீச்சுக்குப்பியால் தண்ணீரை விடாமல் பாய்ச்ச வேண்டும். வெள்ளைக் கூழ் வந்துகொண்டே இருந்தால் சரியாக அறுக்கிறது என்று பொருள். கூழ் நின்று பொடியானால் தண்ணீர் போதவில்லை. 10 மி.மீ. கண்ணாடிக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். கடைசி ஒன்றிரண்டு மி.மீ.யில் சத்தம் மாறும். அங்கே அழுத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு டிரில்லின் எடையால் மட்டும் அறுபட விடுங்கள். விரிசல் விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நொடிகளில் அழுத்துவதால்தான். முடிந்ததும் துளையின் ஓரத்தை ஈரமான நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கூழ் முழுவதையும் கழுவி எடுங்கள்.

அக்ரிலிக் தொட்டியில் விரிசல் பயம் குறைவு, உருகும் பயம் அதிகம். சாதாரண ஹோல் சா போதும். விட்டு விட்டு அறுங்கள். சதுரமாக வெட்ட நேர்ந்தால் மூலைகளை வளைவாக்குங்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

பெட்டியும் பல்க்ஹெட்டும்

விளிம்புப் பெட்டியைக் கண்ணாடியில் செய்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சுத்தமான சில்லிகானால் ஒட்டுவது நிலைக்கும். சில்லிகான் அக்ரிலிக்கில் சரியாகப் பிடிக்காது. அக்ரிலிக் பெட்டிதான் வேண்டும் என்றால் பல்க்ஹெட்டுகளே கேஸ்கட்டோடு (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அதைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கும்படி வடிவமையுங்கள். பெட்டிக்குள் கை நுழைய வேண்டும், கீழ்நோக்கித் திரும்பும் எல்போவும் அடங்க வேண்டும். 12 செ.மீ. அகலத்துக்குக் குறைத்தால் பிறகு சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் வருந்துவீர்கள்.

பல்க்ஹெட்டின் ரப்பர் கேஸ்கட் தலைப்பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம் வரும். நட்டுப் பக்கம் அல்ல. கேஸ்கட்டுக்குச் சில்லிகான் பூசாதீர்கள். அது ரப்பரை வழுக்கிப் பிதுங்க வைக்கும். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அவ்வளவுதான். கசிவுக்குப் பயந்து ஸ்பானரால் முறுக்குவதே பல கசிவுகளுக்குக் காரணம்.

மூன்று குழாய்கள்

மூன்றும் ஒரே உயரத்தில் வரும் துளைகள். வேறுபாடு உள்ளே மாட்டும் எல்போவில்.

சைஃபன் குழாயின் எல்போ கீழ்நோக்கித் திரும்பி, வாய் பெட்டியின் நீர்மட்டத்துக்கு 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும். மேலே வந்தால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். வெளியே கீழே போகும் வழியில், கை எட்டும் உயரத்தில், கேட் வால்வு. பால் வால்வு வேண்டாம்: கால் சுற்றில் திறந்து மூடும் வால்வில் நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. வால்வு முழுவதும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு.

திறந்த குழாயின் எல்போவும் கீழ்நோக்கியே இருக்கும். வெளியே எல்போவுக்குப் பதில் டீ வைத்து, அதன் தலை மூடியிலிருந்து மெல்லிய காற்றுக்குழல் ஒன்றைப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். குழலின் முனை வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயும் அவசரக் குழாயின் வாய்க்குக் கீழேயும் நிற்க வேண்டும். சைஃபன் அடைத்து மட்டம் ஏறும்போது தண்ணீர் அந்த முனையை மூடும், காற்று நிற்கும், திறந்த குழாயே சைஃபனாக மாறி முழு ஓட்டத்தையும் இழுத்துக்கொள்ளும். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மின்சாரமும் சென்சாரும் இல்லாமல் தண்ணீரே தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறது.

அவசரக் குழாயின் எல்போ மேல்நோக்கி நிற்கும். அதன் வாய் குழல் முனைக்கு மேலே, விளிம்புக்குக் கீழே.

கீழ் முனைகளும் முக்கியம். சைஃபன், திறந்த குழாய் இரண்டின் வாயும் சம்ப்பின் நீரில் 2 முதல் 3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால் பம்ப் மறுபடி ஓடும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் வாய் நீருக்கு மேலே நிற்கட்டும். அதில் தண்ணீர் விழுந்தால் வீடு முழுக்கக் கேட்க வேண்டும். குழாய் இறங்கும் அறையின் மட்டம் தடுப்புப் பலகையால் எப்போதும் நிலையாக இருக்கும்படி சம்ப்பை அமையுங்கள்; அது ஏறி இறங்கினால் சைஃபனின் ஓட்டமும் மாறும்.

கிடையாக நீளும் குழாயில் காற்று தங்கும். பக்கவாட்டில் போகத்தான் வேண்டுமென்றால் 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை எல்போ வைத்துச் சரிவாகக் கொண்டுபோங்கள்.

ரிட்டர்ன்

பம்ப்பின் வாயைவிட ஒரு அளவு பெரிய குழாய் போடுங்கள். 4,000 லிட்டர் ஓட்டம் ஒரு இன்ச் குழாயில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும், ஒன்றேகாலில் 1.2 மீட்டருக்கும் குறைவு. உராய்வு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிறது. பம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் மிருதுவான சில்லிகான் ஹோஸ் வைத்தால் அதிர்வு அலமாரிக்கு ஏறாது. பம்ப்புக்கு மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு), ஒரு பால் வால்வு.

ரிட்டர்ன் வாய் நீரில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, மின்சாரம் நின்றதும் அவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். 25 மி.மீ. ஆழத்தில் வைத்தால் 27 லிட்டர். 15 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 162 லிட்டர், அதாவது சம்ப் நிரம்பி வழியும். வாயை மேலே வையுங்கள். கூடுதலாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் ஒரு 5 மி.மீ. துளை போட்டால் காற்று உள்ளே போய்ச் சைஃபன் முறியும். பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்பி ஆழமாக வைக்காதீர்கள். ஒரு சிறு நத்தையோ சுண்ணாம்புப் படிவோ போதும், அது முழுசாக மூடாது.

இப்போது முதல் கேள்விக்கு விடை: பின்னோக்கி 27 லிட்டர், ஓவர்ஃப்ளோ பெட்டியிலிருந்து சுமார் 6, குழாய்களில் உள்ளது சுமார் 5. மொத்தம் 38 லிட்டர். சம்ப்பில் அது ஒன்பதரை செ.மீ. ஏற்றம். 45 செ.மீ. சம்ப்பில் 5 செ.மீ. காலியாக விட்டால், ஓடும்போது மட்டம் 30 செ.மீ.யைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது: பம்ப் அறை 30 × 45 செ.மீ., உறிஞ்சும் வாய்க்கு மேல் 20 செ.மீ. தண்ணீர் என்றால் 27 லிட்டர். தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் 4 செ.மீ. காலியிடம் இருந்தால் 43 லிட்டர் பிடிக்கும். எல்லாக் குழாயும் அடைத்தாலும் தரை நனையாது. ஆனால் தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி வைத்திருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். பம்ப் அறையின் மட்டம் இறங்குவதை அது ஆவியாதல் என்று எண்ணி, தன் தொட்டி முழுவதையும் ஊற்றிவிடும். அதன் கொள்ளளவை மீதமுள்ள 16 லிட்டருக்குள் வையுங்கள். இல்லையென்றால், பெரிய தொட்டியின் மட்டம் ஏறியவுடன் பம்ப், நிரப்பும் கருவி இரண்டையும் நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் பொருத்துங்கள்.

ஒட்டுதல்

எல்லாத் துண்டுகளையும் பசையில்லாமல் கோத்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மார்க்கரால் கோடு போட்டுவைத்தால், ஒட்டும்போது அதே கோணம் கிடைக்கும். மி.மீ. அளவுக் குழாயையும் இன்ச் அளவுக் குழாயையும் கலக்காதீர்கள். நுழைவது போல இருக்கும், பிடிக்காது. பி.வி.சி.க்கு அதற்குரிய சால்வென்ட் சிமென்ட். இரண்டு பரப்பிலும் பூசி, கால் சுற்றுத் திருப்பி நுழைத்து, அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பெட்டிக்குள் இருக்கும் எல்போக்களை ஒட்டவே வேண்டாம். கழற்றிக் கழுவ வேண்டியவை. பல்க்ஹெட்டுக்குக் கீழே ஒவ்வொரு குழாயிலும் ஒரு யூனியன். குழாயின் எடையைக் கிளாம்புகள் தாங்கட்டும். பல்க்ஹெட்டை இழுக்கும் குழாய் நாளடைவில் கசியும்.

தண்ணீர் விட்டுச் சோதித்தல்

ஒட்டி 24 மணி நேரம் கழித்து, சில்லிகானுக்கு உறையில் குறிப்பிட்ட நாள் முழுவதும் ஆன பிறகு, வெறும் தண்ணீரை நிரப்புங்கள். ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி உலர்ந்த டிஷ்யூ காகிதம் சுற்றி ஒரு நாள் விடுங்கள். விரலுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டும்.

வால்வை முழுவதும் திறந்து பம்ப்பை ஓடவிடுங்கள். சைஃபன் பெட்டியை வேகமாகக் காலி செய்து காற்றை இழுக்கும். வால்வைக் கால் சுற்று கால் சுற்றாக மூடி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் காத்திருங்கள். மட்டம் ஏறி நிலைத்து, திறந்த குழாயில் ஒரு சிறு ஓட்டம் மட்டும் போகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒழுக்குதான் பம்ப்பின் சிறு ஏற்ற இறக்கங்களை ஏற்றுக்கொள்கிறது. அதையும் நிறுத்தி முழு மௌனம் தேடினால், தினமும் வால்வைத் திருகிக்கொண்டிருக்க நேரிடும்.

பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். பம்ப்பை நிறுத்தி, சம்ப்பின் மட்டம் எங்கே நிற்கிறது என்று கோடு போடுங்கள். மறுபடி ஓடவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சைஃபன் தானாகப் பிடிக்கிறதா பாருங்கள். இதைப் பலமுறை செய்யுங்கள். கேட் வால்வை முழுவதும் மூடி, திறந்த குழாய் சைஃபனாக மாறுகிறதா பாருங்கள். அதன் வாயையும் துணியால் அடைத்து, அவசரக் குழாய் மட்டும் முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா பாருங்கள். கடைசியாக மூன்றையும் அடைத்து, பம்ப் அறை வற்றும் வரை ஓடவிட்டு, தொட்டி வழியாமல் நிற்கிறதா பாருங்கள். இந்த நாலில் ஒன்று தவறினாலும் மீன்களைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். மின்கம்பிகள் எல்லாம் பிளக்குக்கு முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏறட்டும், சொட்டும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. கசிவு மின்னோட்டம் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் கட்டாயம்.

முதல் வாரம் வால்வை அடிக்கடி தொட நேரும். குழாய்க்குள் மெல்லிய வழவழப்புப் படிந்ததும் ஓட்டம் கொஞ்சம் குறைந்து நிலைக்கும், அப்போது ஒருமுறை சரிசெய்தால் போதும். மாதம் ஒருமுறை சைஃபனின் எல்போவைக் கழற்றி, நத்தை ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக்குழலை ஊதிப் பாருங்கள். உப்புநீர்த் தொட்டியில் கேட் வால்வு இறுகத் தொடங்கினால், யூனியனைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து இளகும். கழற்றும் நேரத்தில் பம்ப்பை நிறுத்த மறக்காதீர்கள், மறுபடி பூட்டியதும் கேட் வால்வைப் பழைய நிலைக்கே கொண்டுவர, எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்பதை முன்பே எண்ணி அலமாரிக் கதவில் குறித்துவையுங்கள்.